அட்டை எண்ணின் வரலாறு: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழரும் பங்கீட்டுப் பதிவேடும்

2020 ஏப்ரல் முதல் ஐந்து நாட்களில் கேரளத்து நியாய விலைக் கடைகளில் இலவச அரிசி வழங்கப்பட்டது. ஊரடங்குக் காலமாதலால், கூட்டம் சேராதிருக்க அரசு ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தது. பங்கீட்டு அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 அல்லது 1 எனில் ஏப்ரல் 1 அன்று கடைக்கு வரலாம். 2, 3 என்று முடியும் எண்களுக்கு மறுநாள். இவ்வாறே 8, 9 என்று முடியும் எண்களுக்கு ஏப்ரல் 5. அதுவரை அட்டை எண் என்பது கடைக்காரர் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஒன்றாகவே இருந்தது. அட்டையை நீட்டினால் போதும். அதில் எழுதியிருப்பதை அட்டைக்குரியவர் படித்தறிய வேண்டிய தேவை எழவில்லை. அந்த ஐந்து நாட்களில்தான் கேரளத்தின் ஒவ்வொரு குடும்பமும் தன் எண் எதில் முடிகிறது என்பதை வீட்டிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும், சித்தூர் வட்டத்தின் எருத்தேம்பதி, வடகரப்பதி ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். ஆனால் ‘எண் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அவர்கள் பகுதியில் மற்றெங்கும் இல்லாத ஒரு நீண்ட முன்கதை உண்டு.

முதலில், எந்த எண் என்பதே ஒரு சிக்கல். கேரளத்தின் பங்கீட்டு அட்டையில் பத்து இலக்க அட்டை எண் ஒன்று உண்டு. அதே அட்டையில் கடையின் எண் உண்டு, இதனை ஏ.ஆர்.டி. நம்பர் என்பர். ஊராட்சி அளித்த வீட்டு எண்ணும் வார்டு எண்ணும் உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆதார் எண் தனியே இணைக்கப்பட்டிருக்கும். தமிழிலும் மலையாளத்திலும் இவை அனைத்துக்கும் பேச்சு வழக்கில் ஒரே சொல்தான்: நம்பர். அலுவலகச் சாளரத்தின் உள்ளிருந்து ‘நம்பர்’ என்று கேட்கப்படும்போது ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவது அறியாமையின் விளைவன்று. சொல் அவ்வளவு பொதுவானது. எல்லைக்கு அப்பால் உறவினர் இருப்பின் குழப்பம் இன்னும் கூடும். தமிழ்நாட்டின் பழைய காகித அட்டையில் எண்கள் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு, நடுவே ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். 2017 ஏப்ரலில் அறிமுகமான மின்னணுக் குடும்ப அட்டையில் உள்ளதோ பன்னிரண்டு இலக்க எண். ஆதாரும் பன்னிரண்டு இலக்கம். போடிநாயக்கனூரில் தாயும் சாந்தன்பாறையில் மகளும் வாழும் ஒரு குடும்பத்தில் இத்தனை வகை எண்களும் ஒரே பெட்டியில் கிடக்கக்கூடும்.

இவ்வெண்ணின் தொடக்கம் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமஸ்தானங்களும் தம் அரிசித் தேவையின் பெரும்பங்கை வெளியிலிருந்தே பெற்றுவந்தன. தென்னையும் மிளகும் தேயிலையும் விளைவித்து, அவற்றை விற்ற பணத்தில் அரிசி வாங்கிய பொருளாதாரம் அது. கப்பல் நின்றவுடன் அங்கே பங்கீடு நகரங்களோடு நிற்கவில்லை, கிராமங்களுக்கும் சென்றது. இந்தியாவின் பிற பகுதிகளில் பங்கீடு பெரும்பாலும் நகரத்தார்க்கு உரியதாக இருந்தபோது, இங்கே உழவரும் கூலியாளரும் பதிவேட்டில் ஏறினர். பதிவேட்டில் ஏறுவதென்றால் வீடு எண்ணப்பட வேண்டும். வீட்டில் உண்போர் எண்ணப்பட வேண்டும். குடும்பம் என்பது ஓர் எண்ணுக்குக் கீழ் வரும் வாய்களின் தொகை என்ற அரசுப் பார்வை மலையாளக் கரையில் அப்போதுதான் பரவலாக வேரூன்றியது.

இன்றைய பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி அன்று மூன்று அரசுகளின் கீழ் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் கொச்சியைச் சேர்ந்தது. கொச்சியின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல் தனியே கிடந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். எனவே சில மைல் தொலைவுக்குள் மூன்று வகை ஆணைகள், மூன்று வகைப் பதிவேடுகள். சித்தூர்ச் சந்தைக்கு வந்துபோகும் ஒரு தமிழ் வேளாளக் குடும்பம் எந்த அரசின் கணக்கில் உண்கிறது என்பது வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உறவு, மொழி, நிலம் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்ததன்று. பங்கீட்டு எண் குடியிருப்பைக் கட்டிவைக்கும் எண், மக்களோ நடமாடுபவர். இந்த முரண் அன்று தொடங்கியது, இன்றளவும் தீரவில்லை.

ஒப்புநோக்குக்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். 1939 செப்டம்பர் 29 அன்று அங்கே தேசியப் பதிவு நடந்தது. ஒவ்வொருவருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி ஒன்று வழங்கப்பட்டது. 1940 ஜனவரியில் தொடங்கிய உணவுப் பங்கீட்டுக்கு அப்பதிவே அடிப்படை. அடையாள அட்டை 1952இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் அக்குறி ஒழியவில்லை; தேசிய மருத்துவச் சேவையின் எண்ணாக உருமாறிப் பல பத்தாண்டுகள் நிலைத்தது. அதாவது அங்கே முதலில் ஆள் எண்ணப்பட்டான். அவ்வெண்ணைக் கொண்டு உணவு வழங்கப்பட்டது. மலையாளக் கரையில் வரிசை தலைகீழ். முதலில் வீடு எண்ணப்பட்டு உணவு வழங்கப்பட்டது. அந்த உணவு அட்டையே பின்னர் ஆளுக்கு அடையாளம் ஆயிற்று. பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், வங்கிக் கணக்கு எனப் பல இடங்களில் ‘ரேஷன் கார்டு இருக்கிறதா?’ என்பதே முதற்கேள்வியாக அரை நூற்றாண்டுக் காலம் இருந்தது.

தேயிலைத் தோட்டங்களில் நிலைமை சற்று வேறு. கண்ணன் தேவன் மலைகளை 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்றதும், 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி அமைந்ததும் பலரும் அறிந்தவை. அன்றைய திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே அழைத்துவரப்பட்ட தொழிலாளர்க்குப் பங்கீட்டு அட்டைக்கு முன்பே ஓர் எண் இருந்தது. அது செக்ரோல் எண். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்பட்டால் அன்றைய கூலி கணக்கில் ஏறும். தோட்டம் கொடுத்த அரிசியின் விலை அதே கணக்கில் கழிக்கப்படும். உணவும் உழைப்பும் ஒரே ஏட்டின் இரு பத்திகள். கூலிக் கணக்கு இல்லாதவர், அதாவது முதியோரும் நோயுற்றோரும், வேறொருவர் பெயரின் கீழ்தான் உண்ண முடிந்தது. அரசுப் பங்கீடு வந்தபோது அரிசிக்கான எண் கம்பெனியின் ஏட்டிலிருந்து விடுபட்டு அரசின் ஏட்டுக்கு மாறத் தொடங்கியது. இம்மாற்றத்தின் பொருள் போதிய அளவு ஆராயப்படவில்லை. தொழிலாளி என்பதற்காக அல்லாமல் குடியிருப்பவர் என்பதற்காக அரிசி பெறும் உரிமை அது. ஆயினும் அந்தக் குடியிருப்பு கம்பெனியின் லயம். அட்டையில் எழுதப்பட்ட முகவரி கம்பெனிக்கு உரிய கட்டடம். எனவே விடுதலை அரைகுறையாகவே கிடைத்தது.

போர் முடிந்தும் பஞ்சம் நீடித்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்கென்று திருவிதாங்கூர் அரசு 1940களில் மலைக்காட்டு நிலங்களைக் குத்தகைக்கு விட்டது. 1950களில் பட்டம் தாணுப்பிள்ளை காலத்தில் குடியேற்றத் திட்டங்களும் நடந்தன. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளின் மொழிக் கணக்கை மாற்றிய குடியேற்றத்துக்கு அரிசிப் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்பதை எல்லைப் போராட்டம் பற்றிய தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலபார் மாவட்டத்தோடு பாலக்காடும் கேரளத்துக்குச் சென்றது. இவ்வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. இங்கே மீண்டும் சொல்ல வேண்டுவதில்லை.

சொல்ல வேண்டுவது அரிசி எல்லையைப் பற்றி. சென்னை மாநிலத்தில் இராஜாஜி 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். நாடெங்கும் 1954இல் கட்டுப்பாடு விலகியது. 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கும் ஒரே தென்னக உணவு மண்டலமாயின. அதாவது மொழிவழி எல்லை போடப்பட்ட மறு ஆண்டே, அரிசியைப் பொறுத்தவரை அவ்வெல்லை இல்லாமற்போயிற்று. தஞ்சாவூர் நெல் வாளையாறு கடந்து தடையின்றிச் சென்றது. 1964இல் இம்மண்டலம் கலைக்கப்பட்டு, ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாக்கப்பட்டபோதுதான் வாளையாறும் குமுளியும் கம்பமெட்டும் போடிமெட்டும் மெய்யான எல்லைகளாயின. சாக்குமூட்டைக்குச் சோதனை வந்தது. தலைச்சுமை அரிசி கடத்தலாயிற்று. நிலவரைபடத்தில் 1956இல் விழுந்த கோடு சமையலறைக்குள் 1964இல் விழுந்தது எனலாம். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்ததும் இதே நெருக்கடியின் பின்னணியில்தான்.

அரிசி வரத்து குன்றிய கேரளம் மாநிலம் முழுவதற்கும் பங்கீட்டை விரித்தது; 1966ஆம் ஆண்டின் கேரளப் பங்கீட்டு ஆணை அதற்குச் சட்ட வடிவம் தந்தது. அவ்வாணையின் சொற்கள் இன்றும் மக்கள் வாயில் வழங்குகின்றன. கடைக்காரர் ஏ.ஆர்.டி.; வட்ட வழங்கல் அலுவலர் டி.எஸ்.ஓ. நெல் விளையும் பாலக்காட்டில் உழவர்மேல் லெவியும் வந்தது. இவ்விடத்தில் ஒரு சிறு தற்செயலைக் குறிப்பிடாமல் கடக்க இயலாது. 1967 மார்ச் 6 அன்று சென்னையில் அண்ணாவும் திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் முதலமைச்சராகப் பதவியேற்றனர். இரு மாநிலத் தேர்தலிலும் அரிசியே பெரும்பொருள். தமிழ்நாட்டில் ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்ற முழக்கம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. இன்று இரு மாநிலங்களிலும் உணவு வழங்கல் பற்றிய குறைகளைத் தெரிவிக்கும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1967. யாரும் திட்டமிட்டு இட்ட எண்ணன்று. எனினும் அட்டை எண் மறந்தவருக்கும் நினைவில் நிற்கும் எண் அதுவாகவே இருக்கும்.

1960களின் அட்டை எண் உண்மையில் கடையின் எண். கடைக்கென்று ஒரு பதிவேடு. அதில் வரிசையாகக் குடும்பங்கள். அட்டை தொலைந்தால், நனைந்தால், கரையான் அரித்தால், எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி கடைக்காரரின் பதிவேட்டைப் புரட்டுவதுதான். கடைக்காரர் முகமறிந்தவர், பெயர் தெரியாவிட்டாலும் எந்த லயம், எந்த வீடு என்பது தெரிந்தவர். இந்த முறையை இலட்சியமாக்க வேண்டியதில்லை. முகமறிந்த கடைக்காரர் எடையைக் குறைக்கவும் வல்லவர். ‘சரக்கு வரவில்லை’ என்று சொல்லி அனுப்பவும் வல்லவர். கடனுக்கு ஈடாக அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ளவும் வல்லவர். ஆனால் அவரிடம் தமிழில் பேச முடிந்தது. எண்ணைத் தேடும் வேலை மொழி சார்ந்த இடையூறாக மாறியது பிற்காலத்தில்தான்.

‘ரேஷன்’ என்ற சொல்லின் மூலம் இலத்தீன். ‘கணக்கு’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் அதற்கு ஈடாக எழுந்த ‘பங்கீடு’ பகிர்தலைச் சுட்டுகிறது. தமிழ்நாட்டு அரசு பிற்காலத்தில் ‘குடும்ப அட்டை’ என்ற பெயரை நிலைநிறுத்தியது. அதில் கணக்கும் இல்லை, பகிர்தலும் இல்லை, குடும்பம் மட்டும் உண்டு. கேரளத்தில் ‘ரேஷன் கார்டு’ அப்படியே நின்றது. எல்லைத் தமிழரின் பேச்சில் ‘ரேசன் கார்டு’. இவ்வளவில் துன்பம் ஏதுமில்லை. துன்பம் வகைப்பாட்டுச் சொற்களில் இருக்கிறது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கேரளத்தில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தில் 154.80 இலட்சம் பேர் மட்டுமே முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறலாம் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. 2017இல் புதிய அட்டைகள் வந்தன: அந்தியோதயக் குடும்பங்களுக்கு மஞ்சள், முன்னுரிமைக் குடும்பங்களுக்கு இளஞ்சிவப்பு, முன்னுரிமை அல்லாத மானியக் குடும்பங்களுக்கு நீலம், மற்றவர்க்கு வெள்ளை. மலையாள அலுவலக வழக்கில் முன்னுரிமை ‘முன்கணன’. முன்னுரிமை அற்றது ‘முன்கணனேதரம்’. முன்கணன என்பதோடு ‘இதர’ சேர்ந்து புணர்ந்த வடிவம் அது. எதிர்மறைப் பொருள் சொல்லின் இறுதியில், சந்திக்குள் ஒளிந்திருக்கிறது. மலையாளம் ஓரளவே படிக்கத் தெரிந்த ஒரு தமிழர் முதல் சில எழுத்துகளைப் படித்துத் தமக்கு முன்னுரிமை உண்டு என்று கொள்வது இயல்பு. ‘அல்லாத’ என்று பிரித்து எழுதியிருந்தால் அந்த மயக்கம் நேராது. மக்கள் இதற்குக் கண்ட தீர்வு நிறம்: மஞ்சக் கார்டு, ரோஸ் கார்டு, நீலக் கார்டு, வெள்ளைக் கார்டு. ஆனால் நிறமும் எல்லை தாண்டினால் பொருள் மாறும். தமிழ்நாட்டின் பழைய முறையில் அரிசி அட்டை இளம்பச்சை. வெள்ளை அட்டை என்றால் அரிசிக்குப் பதில் சர்க்கரையைத் தெரிவுசெய்தவர்.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பிய பெண்களுள் மூத்தவரே குடும்பத் தலைவர் எனப் பங்கீட்டு அட்டையில் குறிக்கப்பட வேண்டும் என்றது. வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவேட்டின் நோக்கில் அது ஒரு பெரும் இடப்பெயர்வு. தாத்தா பெயரிலோ தந்தை பெயரிலோ இருந்த குடும்பம் ஒரே ஆண்டில் பாட்டி அல்லது தாய் பெயருக்கு மாறியது, எண்ணும் புதிது. பழைய அட்டையைக் கொண்டு புதிய எண்ணைத் தேடுபவர் தலைவரின் பெயரையும் மாற்றித் தேட வேண்டும். அந்தப் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கும் என்பதே அடுத்த வினா.

தமிழ் எழுத்து ஒலிப்பின் எல்லா வேறுபாடுகளையும் காட்டுவதில்லை. சொல்லில் எழுத்து நிற்கும் இடத்தைக் கொண்டு வாசகர் ஒலியை அறிகிறார். ‘கந்தன்’ என்பதில் தகரம் மெல்லினத்தின் பின் நிற்பதால் ஒலிப்புடன் உச்சரிக்கப்படும் என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையாள நெடுங்கணக்கில் அவ்வொலிக்குத் தனி எழுத்து உண்டு. ஆகவே தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதுபவர் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தேர்வு செய்தாக வேண்டும்: எழுத்துக்கு எழுத்தா, ஒலிக்கு ஒலியா? ‘செல்வி’யின் முதலெழுத்தைத் தமிழர் பலர் ‘ஸெ’ என்றே ஒலிக்கின்றனர். எழுத்தைப் பார்த்து எழுதும் மலையாளி வல்லொலியாக எழுதுவார். ‘வேலுச்சாமி’ ஒரு கையில் சாமியாகவே நிற்பார், இன்னொரு கையில் சுவாமி ஆவார். ‘மாரியம்மாள்’ இறுதி மெய்யை இழந்து மாரியம்மா ஆவாள். இவற்றுக்கு மேல் முதலெழுத்து வழக்கு. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். மலையாள அலுவலகம் வீட்டுப்பெயரை எதிர்பார்க்கும். லயத்தில் பிறந்தவருக்கு வீட்டுப்பெயர் ஏது?

கடைக்காரர் முகம் பார்த்து அரிசி கொடுத்த காலத்தில் இவ்வேறுபாடுகள் யாரையும் பட்டினி போடவில்லை. 2018 வாக்கில் கேரளக் கடைகளுக்கு மின்னணு விற்பனைக் கருவி வந்தது. ஆதாரும் அட்டையும் ஒத்துப்போக வேண்டும் என்ற நிலை உருவானது. தேனி மாவட்டத்தில் எடுத்த ஆதார் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கேரளத்தின் அட்டைத் தரவு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டுக்கும் பொதுவானது ஆங்கில எழுத்து மட்டுமே. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு திராவிட மொழிகள், அண்டை மொழிகள், ஒரு மூதாட்டியின் பெயரை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள உரோமன் எழுத்தை நாடுகின்றன. அந்த எழுத்துக்கூட்டலோ எவருடைய மரபுக்கும் கட்டுப்பட்டதன்று; எந்த ஆண்டில் எந்தத் தட்டச்சர் பதிந்தார் என்பதைப் பொறுத்தது. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சயத் திட்டத்தின் மையங்கள் இன்று இத்திருத்தங்களின் முதன்மை வாயில். பெயரைக் கொண்டு எண்ணைக் கண்டுபிடிப்பது இயலாதபோது ஆதார் எண்ணைக் கொண்டு அட்டை எண்ணைக் கண்டுபிடிக்கின்றனர். எண்ணைத் தேட இன்னோர் எண். இலக்கங்களில் மட்டும் இத்தொல்லை இல்லை; தமிழும் மலையாளமும் தத்தம் பழைய எண்குறிகளை அன்றாட வழக்கில் கைவிட்டுவிட்டன.

விரல்ரேகை மற்றொரு தடை. கொழுந்து பறித்தும் கவாத்து வெட்டியும் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்க மறுப்பது கைத்தொழில் செய்வோர் வாழும் இடங்களிலெல்லாம் அறியப்பட்ட சிக்கல். கைபேசிக்கு வரும் கடவு எண், கருவிழிப் பதிவு என மாற்று வழிகள் உள்ளன. அவற்றுக்கு வலைத்தொடர்பு வேண்டும். முதுவர் வாழும் இடமலைக்குடி 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்கே அரிசி சென்று சேர்வதே நெடுங்காலம் தலைச்சுமையாக இருந்தது. அதன் குடிகளுள் ஒன்றின் பெயர் சொசைட்டிக்குடி. கூட்டுறவுச் சங்கத்தை ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கும் அக்குடியைப் பற்றி இடப்பெயர் ஆய்வாளர் யாரேனும் எழுத வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளம். முதலமடை ஊராட்சியின் பகுதியாகிய அதற்குச் சாலை வழி செல்ல வேண்டுமெனில் பொள்ளாச்சி, சேத்துமடை வழியே தமிழ்நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். கேரள அட்டைக்கான கேரள அரிசி தமிழ்நாட்டுச் சாலையில் பயணம் செய்கிறது.

எல்லையைத் தாண்டிப் பயன்படும் அட்டை மிக அண்மைக்காலத்தது. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ ஏற்பாட்டில் 2020 ஜனவரி 1 அன்று இணைந்திருந்த பன்னிரண்டு மாநிலங்களுள் கேரளம் ஒன்று. தமிழ்நாடு இணைந்தது அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று. இடைப்பட்ட காலத்தில்தான் ஊரடங்கு வந்தது. போடி, கம்பம் ஊர்களிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறி உடும்பன்சோலை ஏலத் தோட்டங்களுக்கு வந்துபோன தொழிலாளரின் போக்குவரத்து நின்றது. மலைமேல் தங்கிவிட்டவரிடம் தமிழ்நாட்டு அட்டை இருந்திருந்தாலும், அந்த ஏப்ரலில் கேரளக் கருவி அவ்வெண்ணை அறியாது. கேரளம் அப்போது ஒரு நல்ல விதியை வகுத்தது: அட்டையே இல்லாதவர் ஆதார் எண்ணையும் ஓர் உறுதிமொழியையும் தந்து அரிசி பெறலாம். முகமறிந்த கடைக்காரரின் காலத்துக்குப் பின், ஒருவரின் சொல்லை நம்பி அரிசி அளந்த அரிய தருணம் அது.

2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் ஜூலை 31க்குள் இவ்வேற்பாட்டைச் செயல்படுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இன்று தேசியச் சட்டத்தின் கீழ் வரும் தமிழ்நாட்டு அட்டையின் எண்ணைக் கொண்டு மூணாற்றுக் கடையில் அரிசி பெற விதி இடம் தருகிறது. வரம்பும் உண்டு. தமிழ்நாட்டில் அரிசி எல்லோருக்குமானது. முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் அரிசி உண்டு. அந்த அட்டை எல்லை தாண்டினால் செல்லாது. கேரளத்தின் நீல அட்டைக்கும் வெள்ளை அட்டைக்கும் அதே கதி. தான் எந்த வகை என்பதை எண்ணைப் பார்த்து அறிய இயலாது. வாளையாற்றுக்கு இப்புறம் பயன்பட்ட எண் அப்புறம் ஏன் மறுக்கப்பட்டது என்பது அட்டைக்குரியவருக்குப் புதிராகவே இருக்கும்.

மிகக் கடினமான தேடல் முதியோருடையது. தோட்டத்தில் பணி ஓய்வு பெற்றவர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பலர் சங்கரன்கோவில் பக்கமோ தேனிப் பக்கமோ மூதாதையர் ஊருக்குத் திரும்புகின்றனர். அங்கே அட்டை பெற வேண்டுமெனில் கேரள அட்டையிலிருந்து பெயர் நீக்கப்பட்ட சான்று வேண்டும். பெயரை நீக்க அட்டை எண் வேண்டும். நாற்பது ஆண்டுகள் உண்ட எண்ணைக் கண்டுபிடிப்பது அதனை ஒழிப்பதற்காக. அவ்வெண் மகள் வீட்டு அட்டையோடு 2017இல் சேர்க்கப்பட்டிருந்தால், அட்டை மூணாற்றில் மகளிடம், சான்று கேட்பவர் தேனியில், திருத்தம் செய்யும் அலுவலகம் தேவிகுளம் வட்டத்தில். இரு மாநிலத்திலும் பெயர் இல்லாத இடைக்காலம் ஒன்று உருவாகும். மாதங்களால் அளக்கப்படும் அக்காலத்தில் அந்த முதியவர் எந்த மாநிலத்தின் கணக்கிலும் உண்பதில்லை. ‘இரட்டை அட்டை’ என்று எல்லைத் தமிழர்மீது அடிக்கடி சுமத்தப்படும் குற்றச்சாட்டை இந்த இடைவெளியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏமாற்றியவர் இல்லை என்பதன்று. இடைவெளியில் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தால் பழைய அட்டையை ஒப்படைக்காதவரும் அதே பட்டியலில் வைக்கப்படுகின்றனர்.

மொழியுரிமை ஏட்டில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம் என்றும், அவர்களுக்கு மறுமொழியும் தமிழில் தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத் தமிழ் தாய்மொழி. ‘என் பங்கீட்டு அட்டை தொலைந்துவிட்டது, அதன் எண்ணைத் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுவது சட்டப்படி முற்றிலும் செல்லும். சட்டம் தாளைக் கருதி எழுதப்பட்டது. கணினித் திரையின் பெட்டிக்குள் எந்த எழுத்து ஏற்கப்படும் என்பதைப் பற்றி 1969இல் யாரும் நினைத்திருக்க முடியாது. விண்ணப்பம் தமிழில் வந்தாலும் தேடல் பெட்டியில் தட்டப்படுவது வேறு எழுத்து.

2021 நவம்பரில் கேரளம் வங்கி அட்டை அளவிலான நெகிழி அட்டையை அறிமுகப்படுத்தியது. எண் இப்போது அட்டையின் முகப்பிலேயே தெளிவாக இருக்கிறது. அட்டை கைவசம் இல்லாதவருக்கு எளிய இடம் கடை ரசீது: ஒவ்வொரு முறை அரிசி வாங்கும்போதும் கருவி அச்சிட்டுத் தரும் சிறு தாளில் அட்டை எண் வந்துவிடுகிறது. அது வெப்பத்தால் அச்சாகும் தாள். அடுப்படியில் செருகி வைத்தால் சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். அதற்குமுன் பத்து இலக்கத்தையும் வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.